நிலுவை பில்லுக்காகச் சங்கம் கேட்கும் 'பங்கு': கொடுக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஊராட்சி ஒன்றியச் சாலை, வடிகால், பள்ளி வகுப்பறை போன்ற சிறு வேலைகளை டெண்டரில் எடுத்துச் செய்பவர் அவர். இரண்டு வேலைகளை முடித்து ஓராண்டுக்கு மேலாகியும் இறுதி பில் தொகை வரவில்லை. ஜல்லிக்கும் தாருக்கும் கொடுக்க வேண்டிய கடனுக்காக மனைவியின் நகைகள் அடகில் இருக்கின்றன. பில்லை அலுவலகத்தில் கொடுத்த அன்றே கணக்கரின் யோசனைப்படி ஜி.எஸ்.டி. விலைச்சீட்டும் (இன்வாய்ஸ்) போட்டுவிட்டதால், வராத பணத்துக்கு வரியையும் கைக்காசிலிருந்து கட்டியிருக்கிறார்.

இந்த நிலையில் அவர் உறுப்பினராக உள்ள ஒப்பந்ததாரர் சங்கம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு கோரிக்கை மனு கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. அரசு வேலைகளுக்கான ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து பழையபடி 12 ஆக்க வேண்டும், உள்ளாட்சிக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும், நிலுவை பில்களை விடுவிக்க வேண்டும், பில்லில் பிடிக்கும் 1 சதவீதத் தொழிலாளர் நலவரியை நீக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. நடக்காவிட்டால் யாரும் டெண்டர் போடுவதில்லை என்றும் பேசியிருக்கிறார்கள். இதையெல்லாம் சட்டமன்றத்தில் பேச வைக்கவும் பில்களை நகர்த்தவும் 'செலவு' இருக்கும் என்று சொல்லி, ஒவ்வொருவரின் நிலுவைத் தொகைக்கும் ஏற்ப ஒரு பங்கு ரொக்கமாகக் கேட்கப்படுகிறது. ரசீது கிடையாது. பொருளாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலின் படத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார்.

அவருடைய முக்கியக் கேள்விகள் நான்கு. சங்கத்துக்குத்தானே கொடுக்கிறேன், இதில் எனக்கு என்ன ஆபத்து? சட்டமன்றத்தில் பேசுவதற்காகக் கொடுப்பது நீதிமன்ற வரம்புக்கு அப்பாற்பட்டது என்கிறார்களே, சரியா? கொடுக்காவிட்டால் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களா? வேறு வழியில் என் பணத்தை வாங்க முடியுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு, அதற்கான கூலிக்காக நகையை அடகு வைத்துக் காத்திருக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாதது. அந்த நெருக்கடியில் யார் எந்த வழியைச் சொன்னாலும் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்பு. இருந்தும் அந்தப் பங்கைக் கொடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. அதே வேளையில், சட்டமன்ற உறுப்பினரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடித் தங்கள் குறையை மக்கள் பிரதிநிதியிடம் சொல்வது அரசியலமைப்பு தரும் உரிமை. அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே செய்பவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்தப் பொருள் குறித்து, எவ்வளவு செலவில் பேசினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. தனிச்சட்டம் இல்லாததால் எதுவும் செய்யலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இங்கே மனுவுக்கும் லஞ்சத்துக்கும் நடுவே வேறு எந்த ஏற்பாடும் இல்லை. மனுவோடு பணம் சேர்ந்தால் அது நேராக ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் வந்து நிற்கும்.

கடன் வேறு, கோரிக்கை வேறு

உங்கள் சங்கத்தின் மனுவில் நான் காணும் பெரிய குறை, இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டியிருப்பது. வரியைக் குறையுங்கள், நிதியைக் கூட்டுங்கள் என்பவை கோரிக்கைகள். ஏற்பதும் மறுப்பதும் அரசின் கொள்கை முடிவு. உங்கள் இறுதி பில் அப்படிப்பட்டதன்று. வேலை உத்தரவு தரப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகி, வேலை முடிந்து, அளவுப் புத்தகத்தில் அளவுகள் ஏறி, பொறியாளர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகு அது அரசு உங்களுக்குத் தர வேண்டிய கடன். அதைக் கருணையாகக் கேட்கும் மனுவில் சேர்த்துவிட்டால், உங்கள் உரிமையை நீங்களே சலுகையாக இறக்கிவிடுகிறீர்கள். 'பங்கு' கேட்பவர்களுக்கு இடம் கொடுப்பதும் இந்தக் குழப்பம்தான்.

பணம் ஏன் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் இரண்டு வேலைகளும் எந்தத் திட்டத் தலைப்பில் அனுமதிக்கப்பட்டவை என்று கடிதத்தில் இல்லை. மாநிலத் திட்டமா, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியா, மத்திய நிதி ஆணையத்தின் மானியமா என்பதைப் பொறுத்து விடை மாறும். 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த உள்ளாட்சி மானியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருப்பது ஒரு நிபந்தனை. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். உங்கள் வேலை அந்த மானியத்தை நம்பி எடுக்கப்பட்டிருந்தால், பில் நகராததற்குக் காரணம் மேசையில் கோப்பைப் பிடித்து வைத்திருக்கும் அலுவலர் அல்லாமல், மேலிருந்து பணமே வராததாக இருக்கலாம். அந்த நிலையில் நீங்கள் யாருக்குப் பங்கு கொடுத்தாலும் பில் வராது. மானியம் வரவில்லை என்பது ஒப்பந்தப்படி தர வேண்டியதைத் தராமலிருக்கச் சட்டக் காரணமும் ஆகாது.

இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். வேலையின் பெயர், வேலை உத்தரவு எண், நிதித் தலைப்பு, பில் பெறப்பட்ட நாள், அது இப்போது யாரிடம் உள்ளது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் எழுத்துப்பூர்வமான காரணம் என்ன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் சான்றிட்ட நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். நீளம், அகலம், கனம் என்று வரிசையாக எழுதி, கீழே இளநிலைப் பொறியாளரும் அவருக்கு மேலுள்ளவரும் தேதியோடு கையொப்பமிட்ட அந்த ஒரு பக்கம், நீதிமன்றத்தில் உங்களுக்குப் பத்துச் சாட்சிகளைவிடப் பெரிது.

வரியைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது

மனுவின் முதல் கோரிக்கைக்கு வருகிறேன். அரசுக்குச் செய்யும் ஒப்பந்த வேலைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதமானது. உயர்வுக்கு முன்பு ஒப்பந்தம் போட்டவர்கள் கூடுதல் 6 சதவீதத்தை யார் ஏற்பது என்று அலைந்தது உண்மை. அந்த வலியில் பிறந்த கோரிக்கைதான் உங்கள் சங்கத்தில் இன்றும் ஓடுகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல், செங்கல் போன்ற ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, 12 சதவீத அடுக்கே எடுக்கப்பட்டுவிட்டது. இல்லாத அடுக்குக்குத் திரும்பும்படி கேட்கும் மனுவை எந்த அலுவலரும் முதல் பத்தியிலேயே மூடி வைத்துவிடுவார்.

அது மட்டுமல்லாமல், இந்த விகிதத்தைச் சட்டமன்ற உறுப்பினரோ மாநில அரசோ தனியாக மாற்ற முடியாது. அரசியலமைப்பின் 279ஏ பிரிவின்படி அமைந்த ஜி.எஸ்.டி. மன்றம்தான் பரிந்துரைக்கிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். தமிழ்நாடு முழு மனதோடு ஆதரித்தாலும் அது பல குரல்களில் ஒன்று. ஆகவே இந்தக் கோரிக்கைக்கு உரிய இடம் மாநில நிதியமைச்சரும் வணிகவரித் துறையும், அவர்கள் வழியாக மன்றமும், இன்னொரு பக்கம் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரும். சட்டமன்றத்தில் பேசினால் வரி குறையும் என்று சொல்லிப் பணம் கேட்பவர் தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார்.

விகிதம் குறைந்தால் உங்கள் கையில் 6 சதவீதம் மிஞ்சும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. தனியாகச் சேர்த்துத் தரப்படுகிறது என்றால், விகிதம் குறையும்போது அரசு தரும் வரித் தொகையும் குறைந்துவிடும்; உங்களுக்கு அதில் லாபம் இல்லை. சிமென்ட், கம்பி, தார் ஆகியவற்றை 18 சதவீத வரியோடு வாங்கி, வேலைக்கு அதைவிடக் குறைந்த விகிதத்தில் வரி போட்டால் உள்ளீட்டு வரி வரவு (பொருள் வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைக்கும் கழிவு) கணக்கில் தேங்கி நிற்கும். உங்களை நெருக்குவது விகிதம் அன்று, வரி கட்ட வேண்டிய நேரம். பணம் வருவதற்கு முன்பே வரி கட்டியதுதான் உங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது.

இதற்குச் சட்டத்திலேயே ஓரளவு வழி உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 31(5) பிரிவு, தொடர்ந்து நடக்கும் சேவைகளுக்கு எப்போது விலைச்சீட்டு போட வேண்டும் என்று சொல்கிறது. பணம் தர வேண்டிய நாளை ஒப்பந்தத்திலிருந்து கண்டறிய முடிந்தால் அந்த நாளுக்குள், கண்டறிய முடியாவிட்டால் பணம் பெறும்போது, ஒரு கட்டப் பணி முடிவதோடு பணம் இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டம் முடியும்போது விலைச்சீட்டு போட வேண்டும். உங்கள் ஒப்பந்தம் இந்த மூன்றில் எதில் அடங்கும் என்று பார்க்காமல், பில் கொடுத்த அன்றே விலைச்சீட்டு போட்டது உங்களுக்குத் தேவையற்ற சுமையாக இருந்திருக்கலாம். கட்டிய வரியைப் பற்றி இப்போது பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அடுத்த வேலைக்கு முன்பாவது ஒப்பந்தத்தை ஒரு வரி ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு என்பதால், ஊகத்தில் தள்ளிப்போடவும் கூடாது. சங்கத்துக்கும் இங்கே வலுவான கோரிக்கை ஒன்று கிடைக்கிறது: அரசு வேலைகளில் பணம் கைக்கு வரும்போதுதான் வரி கட்ட வேண்டும் என்பதை எந்த ஒப்பந்தத்துக்கும் பொருந்தும் வகையில் தெளிவாக்குங்கள் என்று கேட்கலாம். வருவாய் இழப்பு இல்லாத கோரிக்கை என்பதால் கேட்பவர்கள் காதில் ஏறும்.

உங்கள் மனுவில் இல்லாத, ஆனால் சட்டமன்ற உறுப்பினரால் உண்மையாகவே உதவக்கூடிய விஷயங்கள் வேறு உள்ளன. கனிம உரிமைகள் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் பிறகு தமிழ்நாடு சட்டமன்றமே இயற்றிய கனிம நிலவரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் அந்த மாதமே வேலைநிறுத்தம் செய்து, அரசோடு பேசிய பின் திரும்பினார்கள். ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியபோது அரசு வேலைகளுக்கு மதிப்பீடு போடும் பழைய விலை விகிதப் பட்டியலில் டெண்டர் எடுத்திருந்த உங்களைப் போன்றவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கனிம நிலவரி, சீனியரேஜ் கட்டணம் (கனிமம் எடுப்பதற்கு அரசுக்குக் கட்டும் தொகை), டீசல் மீதான மாநில வரி, பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியல், குறுகிய கால வேலைகளுக்கும் விலை மாறுபாட்டு விதி (பொருள் விலை மாறினால் ஒப்பந்தத் தொகையையும் மாற்றித் தருவது) ஆகிய எல்லாம் மாநிலத்தின் கையில் இருப்பவை. மானியக் கோரிக்கை விவாதத்திலும் கவன ஈர்ப்பிலும் உறுப்பினர் எழுப்பக்கூடியவையும் இவையே. சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது நேரடியாகவும் மனு கொடுக்கலாம்; அதற்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

நலவரி குறித்து ஒரு வார்த்தை. அந்த 1 சதவீதம் உங்கள் தளத்தில் சாரத்தில் ஏறி நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் என்று நலவாரியம் வழியாகப் போகும் பணம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த வரி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மாநிலம் நினைத்தாலும் நீக்க முடியாது. நீக்கக் கேட்பதும் நியாயமில்லை. அந்தக் கோரிக்கையை மனுவிலிருந்து எடுத்துவிடும்படி சங்கத்தில் நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமானால், பிடித்த பணம் உங்கள் தொழிலாளர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள்.

'செலவு' என்று கேட்கப்படும் பணம்

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத்தாளில் நான்கு பத்திகள்: பெயர், நிலுவை பில் தொகை, பங்கு, கடைசியில் டிக் அடிக்க ஓர் இடம். சந்தா வசூலுக்கு நிலுவை பில் தொகை எதற்கு? பில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பங்கு என்று எழுதியதே, பணம் பில்லை நகர்த்துவதற்காகத்தான் என்பதைக் காட்டிவிடுகிறது. அதை எழுதியவர் வசதிக்காக எழுதியிருக்கலாம். புலனாய்வு அதிகாரி அதை அப்படிப் படிக்க மாட்டார்.

1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி. பொது ஊழியர் தன் கடமையை முறைகேடாகச் செய்வதற்காக ஆதாயம் கொடுப்பவருக்கும், கொடுப்பதாக வாக்களிப்பவருக்கும் 8ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நேரடியாகக் கொடுத்தாரா, மூன்றாம் ஆள் வழியாகக் கொடுத்தாரா என்பது பொருட்டில்லை. ஆகவே 'சங்கத்துக்குத்தான் கொடுத்தேன்' என்பது பாதுகாப்பு ஆகாது. எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியல் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. செல்வாக்கைப் பயன்படுத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகருக்கு 7ஏ பிரிவில் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை உண்டு. இங்கே நான் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: உங்கள் சட்டமன்ற உறுப்பினர் பணம் கேட்டார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் வசூல் நடப்பதும் சாத்தியம். அவர் மீது குற்றம் சாட்டி எவரிடமும் பேசவோ எழுதவோ செய்யாதீர்கள்.

சட்டமன்றத்தில் பேசுவதற்குக் கொடுப்பது நீதிமன்ற வரம்புக்குள் வராது என்று உங்களுக்குச் சொன்னவர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு அத்தகைய பாதுகாப்பைத் தந்தது உண்மை. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்து, அவையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் பெறும் உறுப்பினருக்கு எந்தச் சிறப்புரிமையும் இல்லை, பணத்தை ஏற்ற அந்தக் கணமே குற்றம் முழுமையாகிவிடுகிறது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, அவையில் கேள்வி எழுப்பப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள்.

கட்சிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வங்கி வழியாக, கணக்கில் காட்டி, உங்கள் அரசியல் விருப்பத்தின்படி நன்கொடை தருவது சட்டப்படி சரி. ஒரு பில்லுக்கோ ஒரு டெண்டருக்கோ ஈடாகத் தருவது, எந்தப் பெயரில் தந்தாலும், சரியன்று. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது அது கவலைப்பட்டதும் இந்தக் கைம்மாறு குறித்துத்தான். பின்னர் வெளியான விவரங்களில், பத்திரம் வாங்கியவர்களில் இரண்டாம் இடத்தில், ரூ.966 கோடியோடு, ஓர் உள்கட்டமைப்பு நிறுவனம் இருந்தது. அந்த ஒன்றைக் கொண்டே அது குற்றம் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் வாங்குபவரின் நன்கொடை எப்போதும் கேள்விக்கு உள்ளாகும் என்பதற்காகச் சொல்கிறேன். பில் நிலுவையில் இருக்கும்போது நன்கொடை எதுவும் வேண்டாம்.

மறுத்தால் என்ன ஆகும்? சங்கத்தால் உங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. துறையாலும் நினைத்தபடி சேர்க்க முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்து, காரணத்தைச் சொல்லி, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடியும் என்பது உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்த எருசியன் எக்விப்மென்ட் வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். ஆனால் எழுத்தில் வராத தொல்லைகள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அளவெடுக்க வராமல் இழுத்தடிக்கலாம். தரத்தில் குறை சொல்லலாம். அதற்கு உங்கள் பாதுகாப்பு எழுத்துதான். ஒவ்வொரு கட்டத்திலும் படங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, அளவெடுக்கக் கோரி, சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்பிய கடிதம் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும்.

சங்கத்திடம் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. பொருளாளருக்குச் சுருக்கமாக இப்படி எழுதலாம்: 'சங்கத்தின் சட்டப்படியான செலவுக்கு, பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, வங்கி வழியாக, ரசீதுக்கு உட்பட்டு என் சந்தாவைத் தரத் தயாராக இருக்கிறேன். ரொக்கமாக வேறு தொகை எதுவும் தர இயலாது.' அந்தப் பட்டியல் படத்தை அழிக்காதீர்கள்; வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நாளை பொது ஊழியர் எவராவது நேரடியாகக் கேட்டு, கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளினால், கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குச் செல்லுங்கள். அவர்களுக்குத் தெரிவித்துவிட்டு, அவர்களுக்கு உதவுவதற்காகத் தருவது குற்றமாகாது. கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். எட்டாம் நாள் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

பகிரங்கமாகக் குற்றச்சாட்டு வைக்கலாமா என்று உங்கள் மகன் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கர்நாடகத்தில் ஒப்பந்ததாரர் சங்கம் 2021இல் 40 சதவீதக் கமிஷன் கேட்கப்படுவதாகப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. அது மாநில அரசியலையே உலுக்கியது. 2023இல் ஆட்சி மாறிய பிறகு விசாரணை ஆணையமும் வந்தது. இடையில் 2022 டிசம்பரில் சங்கத் தலைவரும் நிர்வாகிகள் சிலரும் ஓர் அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கில் கைதாகிப் பிணையில் வர நேர்ந்தது. துணிந்து பேசியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தனியொரு சிறு ஒப்பந்ததாரர் ஆவணம் இல்லாமல் சமூக ஊடகத்தில் பெயர் சொல்லி எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். புகாரை அதற்குரிய அமைப்பிடம் எழுத்தில் கொடுங்கள்.

டெண்டர் புறக்கணிப்பு

யாரும் டெண்டர் போடக்கூடாது, போட்டாலும் இந்த விகிதத்துக்குக் கீழே போடக்கூடாது என்று சங்கம் முடிவெடுப்பதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் போல நினைக்கிறார்கள். ஒப்பந்ததாரர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவர்களுக்குள் இப்படி உடன்படுவது 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் மாட்டும், அபராதம் விற்றுமுதலைக் கொண்டு கணக்கிடப்படும். அத்தகைய தீர்மானத்தில் கையொப்பமிடாதீர்கள். அதே சட்டத்தைத் தொழில் தனக்குச் சாதகமாகவும் பயன்படுத்தியிருக்கிறது என்பதைச் சங்கத்தாருக்குச் சொல்லுங்கள்: அகில இந்தியக் கட்டுநர் சங்கம் கொடுத்த புகாரின் பேரில்தான் 2012 ஜூனில் போட்டி ஆணையம் 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு, கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதற்காக, ரூ.6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தது உண்மை. ஆனாலும் யாரையும் தனியாகப் போய்ப் பார்க்காமல், விலை விவரங்களை அடுக்கி வைத்துச் சாதித்த காரியம் அது.

உங்கள் பணத்துக்கான வழி

முதலில் காலக்கெடு. பணம் தர நாள் குறிப்பிடப்படாத ஒப்பந்தத்தில், செய்த வேலைக்கான தொகையைக் கோரி வழக்குத் தொடர, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுதான் கால வரம்பு. நீங்கள் ஓராண்டுக்கு மேல் கழித்துவிட்டீர்கள். 'பார்க்கலாம்', 'வந்துவிடும்' என்ற வாய்மொழி உறுதிகள் அந்தக் காலத்தை நீட்டிக்காது. இவ்வளவு தொகை தர வேண்டியுள்ளது என்று துறை கையொப்பத்தோடு எழுதித் தரும் ஒப்புதல், கெடு முடிவதற்குள் வந்தால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். தகவல் உரிமை மனுவுக்கு வரும் பதிலும் அத்தகைய ஒப்புதலாகப் பயன்படக்கூடும் என்பதால், நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தில் தகராறு தீர்க்கும் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நடுவர் முறை இருந்தால் அதன்படிதான் போக வேண்டும். இல்லாவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். அரசின் மீது உரிமையியல் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தொகையில் தகராறே இல்லை, அளவும் பில்லும் ஏற்கப்பட்டு நிதி இல்லை என்பதற்காக மட்டும் நிற்கிறது என்றால், மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்து, குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்துத் தொகையை வழங்கும்படி உத்தரவு கேட்பது விரைவான வழி. அளவிலோ தரத்திலோ துறை தகராறு எழுப்பியிருந்தால் ரிட் மனு எடுபடாது.

குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு இருப்பதாகச் சொல்கிறீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் 45 நாளுக்கு மேல் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் ஒப்பந்த வேலைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒன்றுபோலத் தீர்ப்பளிக்கவில்லை. அறிவிப்பில் அந்த வட்டியையும் கேளுங்கள். அதை மட்டுமே நம்பி மற்ற வழியை விட்டுவிடாதீர்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கச் செல்லும்போது ஒப்பந்தம், வேலை உத்தரவு, அளவுப் புத்தக நகல், பில் கொடுத்ததற்கான ஒப்புகை, வரி கட்டிய சலான் ஆகியவற்றோடு, இரண்டு வேலைகளும் முடிந்த தேதியைக் காட்டும் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றாண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.